கடலடிச் சிலேடை

நான் படித்த நல்ல விமர்சனக் கட்டுரைகளில் ஒன்று மூன்றே பக்கம். எந்த நாவலைப் பற்றியும், எந்தக் கவிஞரைப் பற்றியும் அது பேசவில்லை. 1967-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. எழுதியவர் நிக்கோலஸ் ஷேக்கிள்டன், கேம்பிரிட்ஜில் முனைவர் பட்ட ஆய்வை அந்த ஆண்டுதான் முடித்த முப்பது வயது இளைஞர். தலைப்பிலேயே 'மறுமதிப்பீடு' என்கிற சொல் இருக்கிறது.

அவர் மறுமதிப்பீடு செய்த மூலம் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வந்தது. சிசாரே எமிலியானி 1955-இல் எழுதிய 'பிளைஸ்டோசீன் வெப்பநிலைகள்', ஏறக்குறைய நாற்பது பக்கம். கடலடிச் சேற்றில் புதைந்து கிடக்கும் நுண்ணிய ஓடுகளை வைத்து, பனியுகங்களில் கடல் எவ்வளவு குளிர்ந்தது என்று வரைந்து காட்டிய கட்டுரை. அதற்கு ஷேக்கிள்டன் சொன்ன பதிலை என் மொழியில் சுருக்கினால் இப்படி வரும்: உங்க அளவீடு சரி. நீங்க வரைஞ்ச வளைகோடும் சரி. ஆனா அது பெரும்பாலும் வெப்பநிலையைப் பற்றிப் பேசவே இல்லை.

பிரதியை மாற்றாமல், ஒரு எண்ணைக்கூடத் திருத்தாமல், அதன் பொருளை மட்டும் தலைகீழாகப் புரட்டுவது விமர்சனத்தில் அபூர்வமாகத்தான் நடக்கும். அது இங்கே எப்படி நடந்தது, அதன்பிறகு அந்தப் புது வாசிப்புக்கு என்ன ஆனது என்பதுதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் வேதியியல் வரும். பயப்பட வேண்டாம், பள்ளிக்கூட அளவுதான்.

1

ஆக்சிஜன் அணுக்கள் எல்லாம் ஒரே எடை இல்லை. பெரும்பாலானவை ஆக்சிஜன்-16. ஏறத்தாழ ஐந்நூறில் ஒன்று ஆக்சிஜன்-18, இரண்டு நியூட்ரான் கூடுதலாகச் சுமக்கும் கனமான அண்ணன். கடல்வாழ் உயிர்கள் சுற்றியுள்ள நீரிலிருந்து கால்சியம் கார்பனேட்டைக் கட்டி ஓடு செய்துகொள்ளும்போது இரண்டு வகை ஆக்சிஜனும் அந்த ஓட்டுக்குள் போகின்றன. எந்த விகிதத்தில் போகின்றன என்பது நீரின் குளிர்ச்சியைப் பொறுத்தது. நீர் குளிர்ந்தால் ஓட்டில் கனமான ஆக்சிஜன் கொஞ்சம் கூடும். கொஞ்சம் என்றால் ரொம்பவே கொஞ்சம்: நான்கு டிகிரி குளிர்ந்தால் அந்த விகிதம் ஆயிரத்தில் ஒரு பங்கு ஏறும், அவ்வளவுதான்.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர் ஹெரால்ட் யூரி. கன ஹைட்ரஜனைக் கண்டுபிடித்து 1934-இல் நோபல் வாங்கியவர். 1947-இல் வெளிவந்த கட்டுரையில், ஐசோடோப்புகளின் இந்தச் சின்ன வேறுபாட்டைக் கொண்டு பழங்காலக் கடலின் வெப்பநிலையை அளக்க முடியும் என்கிற வாய்ப்பைக் காட்டினார். அப்புறம் சிகாகோவில் அவரும் சகாக்களும் அதை அளக்கும் கருவியைக் கட்டினார்கள்.

1951-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் கிடைத்த ஒரு பெலெம்னைட், அதாவது கணவாய் இனத்தின் தூரத்து உறவான, ஜுராசிக் காலத்து உயிரின் புதைபடிவம். அதன் குறுக்குவெட்டில் மரத்தில் இருப்பதுபோல வளையங்கள். வளையம் வளையமாகச் சுரண்டி அளந்தார்கள். வந்த முடிவு ஒரு வாழ்க்கைக் குறிப்பு மாதிரியே இருக்கிறது: இளமைக்குப் பிறகு மூன்று கோடைகளையும் நான்கு குளிர்காலங்களையும் கண்டது, சுமார் நான்கு வயதில் ஒரு வசந்தத்தில் இறந்தது, அது வாழ்ந்த நீரின் சராசரி வெப்பநிலை 17.6 டிகிரி, பருவங்களுக்கு இடையே ஏற்ற இறக்கம் சுமார் 6 டிகிரி.

பதினைந்து கோடி ஆண்டுகளுக்கும் முன்பு செத்த ஒரு பிராணி எந்தப் பருவத்தில் செத்தது என்பதை நாம் அறிகிறோம். இதைப் படித்துச் சிலிர்க்காதவர் கதை வாசிப்பதில் பயனில்லை என்பேன்.

ஆனால் விமர்சகராக இன்னொரு தடவை படிக்கணும். இந்தக் குறிப்பில் எல்லா வாக்கியங்களும் ஒரே உறுதியோடு நிற்கவில்லை. கோடைகளின் எண்ணிக்கையும் இறந்த பருவமும் வளையத்துக்கு வளையம் உள்ள வேறுபாட்டிலிருந்து வருகின்றன, அவை திடமானவை. 17.6 என்கிற எண் அப்படி இல்லை. அன்றைய கடல்நீரிலேயே கனமான ஆக்சிஜன் எவ்வளவு இருந்தது என்று ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டால்தான் அந்த எண் பிறக்கும். நீரின் சேர்மானம் மாறியிருந்தால் 17.6-உம் மாறும். அடுத்த அரை நூற்றாண்டின் சண்டை முழுவதும் இந்த ஓட்டையின் வழியாகத்தான் வரப்போகிறது.

2

கடல்நீரின் சேர்மானம் எப்படி மாறும்? கடலிலிருந்து ஆவியாகும்போது இலேசான ஆக்சிஜன் உள்ள நீர் சற்று எளிதாகக் கிளம்பும். மேகம் துருவத்தை நோக்கிப் போகப்போக, கனமானது மழையாக முன்னாடியே கொட்டிவிடும். கடைசியில் துருவத்தில் விழும் பனி மிக இலேசானது. வழக்கமான காலத்தில் அது ஆறாகக் கடலுக்குத் திரும்பிவிடும்; கணக்கு நேராகிவிடும். பனியுகத்தில் திரும்பாது. வட அமெரிக்காவின் மேலும் ஐரோப்பாவின் மேலும் கிலோமீட்டர் கணக்கில் உறைந்து நிற்கும். இலேசானதை நிலம் பிடித்து வைத்துக்கொண்டதால் கடலில் மிஞ்சுவது கனமான நீர்.

இப்போது ஓட்டைப் பாருங்கள். கடல் குளிர்ந்தால் ஓட்டில் கனமான ஆக்சிஜன் கூடும். நிலத்தில் பனி பெருகினாலும் ஓட்டில் கனமான ஆக்சிஜன் கூடும். இரண்டும் ஒரே திசை. கருவியில் வருவது ஒரே எண்.

இதற்குத் தமிழில் நல்ல பெயர் இருக்கிறது: சிலேடை. ஒரே சொற்கோவை பாம்புக்கும் பொருந்தும், வாழைப்பழத்துக்கும் பொருந்தும் என்று காளமேகப் புலவர் பேரில் வழங்கும் பாடல்களைப் பள்ளியில் படித்திருப்போம். ஆனால் அங்கே புலவர் இரண்டு பொருளையும் முன்கூட்டியே சொல்லிவிடுவார். நம் வேலை ரசிப்பது மட்டும். கடலடியில் கிடக்கும் சிலேடைக்குத் தலைப்பு கிடையாது. எவ்வளவு பாம்பு, எவ்வளவு வாழைப்பழம் என்று நாமே பிரிக்க வேண்டும்.

எமிலியானிக்கு இது தெரியாமல் இல்லை. இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பின்னாளில் கதை சொல்பவர்கள் அவரை ஏதோ அப்பாவி மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். இத்தாலியின் பொலோன்யாவில் பிறந்து சிகாகோவில் யூரியின் கூடத்துக்கு வந்து சேர்ந்தவர் அவர். பனியுகத்துக்கும் இடைக்காலத்துக்கும் நடுவே கடல்நீரின் சேர்மானம் ஆயிரத்தில் 0.4 பங்குதான் மாறியிருக்கும் என்று மதிப்பிட்டார். ஓடுகளில் தெரிந்த மொத்த மாற்றம் அதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். மிச்சத்தை எல்லாம் வெப்பநிலைக்கு எழுதினார். கரீபியன் மேற்பரப்புக் கடல் பனியுகத்தில் சுமார் 6 டிகிரி குளிர்ந்தது என்பது அவருடைய வாசிப்பு.

பழம் பனியின் இலேசுத்தனத்தை அவர் குறைத்து மதிப்பிட்டுவிட்டார். நாற்பது பக்கமும் அந்த ஒரு சிறு எண்ணின் மேல் நின்றது.

3

ஷேக்கிள்டன் என்ன செய்தார்? ஃபொராமினிஃபெரா என்பவை மணல்துகள் அளவுள்ள ஒருசெல் உயிர்கள். சில இனங்கள் கடலின் மேற்பரப்பில் மிதந்து வாழும். சில இனங்கள் ஆழ்கடலின் தரையிலேயே வாழும். செத்த பிறகு இரண்டும் ஒரே சேற்றில் ஒரே அடுக்கில் சேர்ந்துவிடும். எமிலியானியின் வளைகோடு மிதக்கும் இனங்களைக் கொண்டு வரைந்தது. தரைவாழ் இனங்கள் சேற்றில் குறைவாகவே கிடைக்கும்; அன்றைய கருவிகள் கேட்கும் அளவுக்கு ஓடுகள் பொறுக்குவது பெரும்பாடு. ஷேக்கிள்டன் தன் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரை மிகச் சிறிய மாதிரிகளையும் அளக்கும்படி மேம்படுத்தினார். பிறகு தரைவாழ் ஓடுகளை அளந்தார்.

மேலே இருந்த ஓடுகளில் தெரிந்த அதே அளவு மாற்றம், கிட்டத்தட்ட, கீழே இருந்த ஓடுகளிலும் தெரிந்தது.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். எமிலியானி சொன்னதுபோல அந்த மாற்றம் வெப்பநிலையால் வந்தது என்றால், ஆழ்கடலும் அதே ஆறு டிகிரி குளிர்ந்திருக்க வேண்டும். ஆழ்கடல் நீர் இன்றைக்கே உறைநிலைக்குச் சில டிகிரி மேலேதான் இருக்கிறது. கடல்நீர் மைனஸ் 2 டிகிரியை ஒட்டி உறைந்துவிடும். ஆறு டிகிரி குளிர்வதற்குக் கீழே இடமே கிடையாது. ஆகவே மேலும் கீழும் பொதுவாகத் தெரியும் இந்த மாற்றம் நீரின் சேர்மானத்தில் நடந்தது. அதாவது பனி. எமிலியானியின் வளைகோடு கரீபியன் கடலின் வெப்பமானி அன்று. பெரும்பாலும் உலகத்தின் பனி இருப்புக் கணக்கு.

இரண்டு ஆண்டுகள் கழித்து டேன்ஸ்கார்டும் டாபரும் கிரீன்லாந்துப் பனியின் பக்கத்திலிருந்து வந்து, மாற்றத்தின் பெரும்பகுதி பனியால்தான் என்று அதே முடிவைச் சொன்னார்கள்.

இந்த வாதத்தில் என்னைக் கவர்வது அதன் சிக்கனம். எமிலியானியின் நோக்கத்தைப் பற்றியோ, சிகாகோ குழுவின் ஆதிக்கத்தைப் பற்றியோ, முறையியலின் நெருக்கடி பற்றியோ ஒரு சொல் தேவைப்படவில்லை. 'இது வெப்பநிலை என்றால் வேறு எங்கே அது தெரிய வேண்டும்?' என்று ஒரு கேள்வி. அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தார். மணக்குடவர் கொண்ட பொருளைப் பரிமேலழகர் ஏற்காத இடங்கள் குறள் உரைகளில் நிறைய உண்டு. அங்கேயும் வலிமையான மறுப்பு என்பது அடுத்த குறளையோ அதிகாரத்தின் வைப்பையோ சாட்சிக்கு அழைப்பதுதான். 'எனக்கு அப்படித் தோன்றவில்லை' என்பது மறுப்பு ஆகாது.

4

இனி இந்தக் கதையில் யாரும் எதிர்பார்க்காத திருப்பம். வெப்பமானி என்ற தகுதி போனதால் அந்த வளைகோட்டின் மதிப்பு கூடிவிட்டது.

யோசித்துப் பாருங்கள். வெப்பநிலை என்பது இடத்துக்கு இடம் வேறு. கரீபியனில் ஒன்று, பசிபிக்கில் ஒன்று. பனியின் அளவோ உலகுக்கே ஒன்றுதான். கடல்நீர் ஆயிரம் ஆண்டுக்குள்ளாகவோ அதை ஒட்டியோ கலந்துவிடும் என்பதால், எந்தப் பெருங்கடலின் சேற்றிலும் அதே ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பதியும். உலகம் முழுக்க ஒரே நாள்காட்டி. 1973-இல் ஷேக்கிள்டனும் ஓப்டைக்கும் பசிபிக் சேற்றுத்தூண் ஒன்றில் இந்த அடுக்குகளைப் பூமியின் காந்தப்புலம் கடைசியாகப் புரண்ட தருணத்தோடு பொருத்தி அதற்கு வயது கொடுத்தார்கள். 1976-இல் ஹேஸ், இம்ப்ரி, ஷேக்கிள்டன் மூவரும் தெற்கு இந்தியப் பெருங்கடலின் சேற்றுத்தூண்களில் பூமிச் சுற்றுப்பாதையின் தாளங்களைக் கண்டார்கள்: சுமார் 1,00,000 ஆண்டு, 41,000-ஐ ஒட்டி ஒன்று, 23,000-ஐ ஒட்டி ஒன்று. பனியுகங்களின் தாளக்காரன் சூரியனைச் சுற்றும் நம் பாதைதான் என்பது அன்றுதான் வலுவாக நிலைபெற்றது.

எமிலியானி வெப்பமானது ஒற்றைப்படை, குளிரானது இரட்டைப்படை என்று அடுக்குகளுக்கு எண் கொடுத்திருந்தார். அந்த எண்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. நாம் வாழ்வது ஒன்றாம் அடுக்கில். பொருள் தவறிப்போன ஒரு பிரதியின் அத்தியாய எண்களை ஒரு துறையே அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறது. (மனிதகுலத்தின் ஆண்டுக்கணக்கில் பத்தாயிரம் ஆண்டுகளைக் கூட்டிக்கொள்ளலாம் என்று 1993-இல் யோசனை சொன்னவரும் இதே எமிலியானிதான். எண் வைப்பதில் மனுஷனுக்கு ஒரு பிரியம்.)

5

இங்கேயே நிறுத்தினால் அழகான கதை: பழைய வாசிப்பு தோற்றது, புதிய வாசிப்பு வென்றது. பல அறிமுகக் கட்டுரைகள் இங்கேதான் நிறுத்துகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான் வருகிறது: வென்ற விமர்சகர் தன் வாசிப்பை என்ன செய்கிறார்?

'பெரும்பாலும் பனி' என்பதிலும் ஒரு சிறு எண் ஒளிந்திருக்கிறது. மிச்சம் எவ்வளவு? 1986-இல் சாப்பெல்லும் ஷேக்கிள்டனும் நியூ கினியின் ஹுவான் தீபகற்பத்தில் படிப்படியாக உயர்ந்து நிற்கும் பவளத் திட்டுகளை எடுத்துக்கொண்டார்கள். அவை பழைய கடல்மட்டத்தைச் சொல்பவை. கடல்மட்டம் தெரிந்தால் பனியின் அளவு தெரியும். ஓடுகளின் கணக்கும் பவளத்தின் கணக்கும் ஒத்துப்போகவில்லை. ஆழ்கடலும் பனியுகத்தில் சற்றுக் குளிர்ந்திருந்தால்தான் இரண்டும் பொருந்தும்.

2000-இல் 'சயின்ஸ்' இதழில் ஷேக்கிள்டன் இன்னும் ஒரு படி போனார். அன்டார்க்டிகாவின் வோஸ்டாக் பனித்தூணில் சிறைப்பட்ட பழங்காற்றின் ஆக்சிஜனை இன்னொரு சாட்சியாகக் கொண்டு, கடலடி எண்ணைப் பனியென்றும் வெப்பமென்றும் பிரித்தார். ஆழ்கடல் வெப்பநிலையின் பங்கு கணிசமானது என்று வந்தது. நூறாயிரம் ஆண்டுத் தாளத்தில் ஆழ்கடல் வெப்பநிலையும் கார்பன் டை ஆக்சைடும் ஒன்றாக நடக்கின்றன. பனி பின்னால் வருகிறது என்றும் எழுதினார். முப்பத்து மூன்று ஆண்டு கழித்து, தன்னைப் புகழ்பெற வைத்த வாக்கியத்தின் ஓரத்தைத் தானே சீவியிருக்கிறார்.

இதற்கிடையே மூலச்சுவடியே ஒருவிதத்தில் கிடைத்துவிட்டது. கடலடிச் சேற்றின் துளைகளில் பனியுகத்தின் நீர் இன்னும் தேங்கி நிற்கிறது. அக்கம்பக்கத்து நீரோடு மெல்லக் கலந்து மங்கிப்போயிருந்தாலும், பல மீட்டர் ஆழத்தில் ஒரு மேடாகத் தடம் தெரிகிறது. டேனியல் ஷ்ராக், ஜெஸ் ஆட்கின்ஸ் ஆகியோர் அந்த நீரை அளந்தார்கள். கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் கடல்நீரின் சேர்மானம் ஆயிரத்தில் ஏறக்குறைய ஒரு பங்கு மாறியிருந்தது. ஆழ்கடல் கிட்டத்தட்ட உறைநிலையில் இருந்தது. எமிலியானி சொன்னது 0.4. இப்போது வருவது சுமார் 1. தரைவாழ் ஓடுகளில் தெரியும் மொத்த மாற்றம் சுமார் 1.7. மிச்சம், அதாவது இரண்டு மூன்று டிகிரிக் குளிர்ச்சி, வெப்பநிலைக்குச் சொந்தம்.

ஆக, சிலேடையின் பெரிய பாதி ஷேக்கிள்டனுக்கு. ஆனா எமிலியானி கையிலயும் கொஞ்சம் மிச்சமிருக்கு.

6

பனியுகத்தைத் தாண்டி இன்னும் பின்னால் போனால் ஆபத்து பெரிது. சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலடி ஓடுகளில் கனமான ஆக்சிஜன் சட்டென்று எகிறுகிறது. அன்டார்க்டிகாவில் பெரும்பனி உருவான காலம் அது. எகிறியது முழுக்க வெப்பநிலையா, முழுக்கப் பனியா? முழுக்கப் பனி என்று வைத்தால், அவ்வளவு பனியை அன்டார்க்டிகா மட்டும் தாங்குமா என்கிற கேள்வி எழும்.

2000-இல் கரோலின் லியரும் சகாக்களும் வேறொரு சாட்சியைக் கொண்டுவந்தார்கள். வெப்பமான நீரில் ஓட்டுக்குள் மெக்னீசியம் அதிகம் நுழையும். அதற்குப் பனியின் அளவோடு சம்பந்தமில்லை. கடந்த ஐந்து கோடி ஆண்டுகளில் ஆழ்கடல் மொத்தம் சுமார் 12 டிகிரி குளிர்ந்தது என்று அது காட்டியது. ஆனால் அந்த 3.4 கோடி ஆண்டுத் திருப்பத்தில் மட்டும் குளிர்ச்சியே தெரியவில்லை! சாட்சி பொய் சொல்கிறதா? அதே நேரத்தில் கடலின் கார்பனேட் வேதியியல் பெரிதாக மாறியது. கார்பனேட் கரைந்துபோகும் எல்லை ஒரு கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்துக்கு இறங்கியது. அந்த மாற்றமும் ஓட்டில் மெக்னீசியத்தைக் கூட்டும். குளிர்ச்சி குறைத்ததை இது ஏற்றி மறைத்திருக்கிறது. சிலேடையைப் பிரிக்க வந்த சாட்சிக்குள் இன்னொரு சிலேடை.

சமீபத்திய சாட்சி 'கட்டு ஐசோடோப்பு' எனலாம். ஒரே கார்பனேட் மூலக்கூற்றில் கனமான கார்பனும் கனமான ஆக்சிஜனும் சேர்ந்து கைகோப்பது குளிரில் கொஞ்சம் அதிகம். நீரின் சேர்மானம் எதுவாக இருந்தாலும் இது மாறாது என்பதுதான் இதன் பலம். ஆனா மாதிரி அதிகம் வேணும், அளக்கவும் நேரம் எடுக்கும். 2022-இல் நெலே மெக்லரின் குழு வட அட்லாண்டிக் சேற்றில் இப்படி அளந்தபோது, பழைய கணக்குகள் சொன்னதைவிட ஆழ்கடல் வெப்பமாக இருந்திருக்கிறது என்று வந்தது. இன்னும் விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது.

இது வெறும் அறிவு விளையாட்டு இல்லை. எவ்வளவு சூட்டில் ஒரு பெரும்பனி நிற்கும், எவ்வளவில் அது குலையும் என்பது இந்தப் பிரிப்பைப் பொறுத்தது. எண்ணில் பாதியைத் தவறான பக்கம் எழுதினால் அன்டார்க்டிகா உண்மையில் இருப்பதைவிட உறுதியானதாகவோ நொய்ந்ததாகவோ தெரியும். கடற்கரை ஊர்களில் வாழ்பவர்களுக்கு அந்தப் பிழை நேரடியானது.

7

இந்தக் கதையை இலக்கிய நண்பர்களிடம் சொல்லும்போது இரண்டு விதமான எதிர்வினை வருகிறது. ஒன்று: 'பாத்தியா, அறிவியலும் ஒரு வாசிப்புதான், எல்லா வாசிப்பும் சமம்தான்.' இன்னொன்று: 'இவனுங்க மாத்தி மாத்திச் சொல்றானுங்க, எதை நம்புறது?' இரண்டும் எதிரெதிர் போலத் தெரிந்தாலும் ஒரே சோம்பல்.

வாசிப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எமிலியானியின் வாசிப்பு தோற்றது ரசனை மாறியதால் அல்ல. கடலடி நீர் ஆறு டிகிரி குளிர முடியாது என்பதால் தோற்றது. உறைநிலை எந்தக் கோட்பாட்டுக்கும் வளைந்து கொடுக்காது. தோற்றபோதும் அவருடைய அளவீடுகள் வீணாகவில்லை; மறுவாசிப்பு நின்றதே அவற்றின் மேல்தான். மாற்றிச் சொன்னார்கள் என்பதும் சரிதான். ஒவ்வொரு மாற்றத்திலும் பாம்புக்கும் பழத்துக்குமான பங்கு முன்பைவிட இறுக்கமாகியிருக்கிறது. 0.4 என்பது 1-ஐ ஒட்டி வந்து நின்றது. நாளை அது 1.1 ஆகலாம், 0.4-க்குத் திரும்பப்போவதில்லை.

நம் விமர்சனத்தில் நான் தேடுவதும் இதைத்தான். ஒரு நாவலை 'சாதியின் குறியீடு' என்று ஒருவர் வாசிக்கிறார். 'இல்லை, அது காமத்தின் குறியீடு' என்று இன்னொருவர். இருவரும் தங்கள் வாசிப்பு உண்மையென்றால் பிரதியில் வேறு எந்த இடத்தில் அது தெரிய வேண்டும், எங்கே தெரியாவிட்டால் தாங்கள் தோற்றார்கள் என்று சொல்வதில்லை. தரைவாழ் ஓட்டைத் தேடிப் போகாத வாசிப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் எமிலியானியின் 0.4 மாதிரிதான்.

கடைசியாக ஒரு படம். 2001-இல் ஜேம்ஸ் சாக்கோஸும் வேறு நால்வரும் நாற்பதுக்கும் மேற்பட்ட துளையிடல் தளங்களின் அளவீடுகளைச் சேர்த்து, ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கான கடலடி வளைகோட்டை வெளியிட்டார்கள். பருவநிலை பற்றிய விவாதங்களில் அடிக்கடி கண்ணில் படும் படம். அதில் ஐசோடோப்பு அளவோடு ஒரு வெப்பநிலை அச்சும் உண்டு. படத்தின் விளக்கத்தில் அவர்களே தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள்: இந்த அச்சு பனியில்லாத கடலுக்குப் போட்ட கணக்கு, அன்டார்க்டிகாவில் பெரும்பனி வருவதற்கு முந்தைய காலத்துக்கு மட்டுமே பொருந்தும். படம் கைமாறும்போது முதலில் உதிர்வது இந்த விளக்கம்தான். பிறகு அந்த அச்சைக் கொண்டு நேற்றைய பனியுகம் வரை டிகிரி படிப்பவர்கள் உண்டு. எமிலியானி 1955-இல் விட்டதைவிடப் பெரிய கோட்டையை, அவர் உழைப்பில் நூறில் ஒரு பங்குகூட இல்லாமல், விடுகிறார்கள்.

அந்தப் படம் உங்கள் திரையில் வந்தால் வளைகோட்டுக்கு முன்னால் அச்சைப் படியுங்கள். அது எந்தக் காலத்துக்குச் செல்லும், எங்கே செல்லாது என்று கேளுங்கள். விமர்சனம் தொடங்குவது அங்கேதான்.